தோளுக்கு மேல் வராத கை

வராது. தோள் வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது. வந்தால் நடுங்க வேண்டும். ரொம்பவும் நடுங்கக் கூடாது, நாடகம் போலத் தெரிந்துவிடும். வலி முகத்தில் தெரிவதற்கு முன்னால் மூச்சில் தெரிய வேண்டும். உண்மையாகவே வலிக்கிறவர்கள் முதலில் மூச்சைத்தான் பிடித்துக்கொள்வார்கள். முகம் அப்புறம்தான் சுளிக்கும்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அம்புஜம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் இருட்டோடு எழுந்து, கீழே குழாயில் காவேரித் தண்ணீர் பிடித்து, குடத்தோடு மாடிப்படி ஏறி வந்த கைதான் அது. இப்போது அதை மடியில் போட்டு, வேறு யாருடையதோ என்பதுபோல இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

சிவாஜிநகர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்காலம் முழுக்க வார்டு ஆயாவாக இருந்தவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வராத கையைத்தான் முதலில் ரவிக்கைக்குள் விட வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் கழற்ற வேண்டும். அவள் குளிப்பாட்டிய, உடுத்திவிட்ட உடம்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்களிடமிருந்து எதையோ திருடி எடுத்துத் தன் உடம்பில் மாட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

எல்லாம் ரகுராமிடம் போவதற்காக. ஒரே பையன். கம்ப்யூட்டர் வேலைக்கு இங்கிலாந்து போனவன், லீட்ஸ் என்ற ஊரில் வீடு வாங்கி, அங்கேயே இருந்துகொள்ளும் உரிமையும் வாங்கிவிட்டான். மனைவி தர்ஷினி. இப்போது கைக்குழந்தை. அவன் அப்பா உத்தமன் காலமானதிலிருந்து இந்த ஜோகுபாளையம் மாடி வீட்டில் அம்புஜம் மட்டும். ஜன்னலைத் திறந்தால் சந்துக்கு அப்பால் உயரத்தில் மெட்ரோ ரயில் போகும். பெட்டி நிறையத் தலைகள். ஒரு தலையும் இந்தப் பக்கம் திரும்பாது. எல்லாம் கையிலிருக்கும் போனைப் பார்த்துக் குனிந்திருக்கும். சில நாட்களில் அவள் கேட்கிற ஒரே மனிதக் குரல், தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒலிபெருக்கியில் பதிவு செய்து வைத்திருக்கும் குரல்தான். அவன்கூட நேரில் வாய் திறப்பதில்லை.

அம்மாவைத் தன் பொறுப்பில் இருப்பவளாகக் காட்டி விசா வாங்க முடியும் என்று ரகுராம் சொன்னபோது, அன்று முழுக்க அவளுக்குப் பசிக்கவில்லை. அடுத்த வாரமே விசா கன்சல்டன்ட் பாலகுமார் லேப்டாப்போடு வந்தான்.

"மேடம், உங்களால எதெல்லாம் செய்ய முடியல?"

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "எல்லாம் முடியுதுப்பா. பேச ஆள் இல்ல, அவ்ளோதான்."

பாலகுமார் தட்டச்சு செய்யவில்லை. "அது எல்லாருக்கும்தான் மேடம். அதுக்கு அங்க பாயின்ட் கிடையாது. குளிக்க முடியல, துணி மாத்த முடியல, சமைக்க முடியல, அப்படி இருந்தாத்தான் ஃபைலே நகரும்."

எப்போதோ தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் அவள் கொஞ்ச காலம் கஷ்டப்பட்டிருந்தாள். பிறகு தானாகச் சரியாகிவிட்டது. பீரோவிலிருந்து அந்தப் பழைய ஸ்கேன் படத்தை எடுத்துக் காட்டியதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் மேடம்!" என்றான். தன் நோயைப் பார்த்து ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் கண்டதில்லை.

அப்படித்தான் அவளால் தலை வாரிக்கொள்ள முடியாமல் போனது. அப்படித்தான் பெர்னதெத்தும் வந்தாள்.

ஏஜென்சி அனுப்பிய ஆள். மர்ஃபி டவுனிலிருந்து நடந்தே வருவாள். நாற்பது தாண்டியவள், பெரிய உடம்பு, சத்தமான செருப்பு. குளிக்க வைத்து, துணி மாற்றி, தலை வாரி, சாப்பிட வைத்து, அதையெல்லாம் ஏஜென்சி தாளில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்தம்மாவுக்கு ஆள் தேவை என்பதற்கு அந்தத் தாள்கள்தான் சாட்சி என்று பாலகுமார் சொல்லியிருந்தான்.

முதல் நாள் பெர்னதெத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, "வாங்கம்மா, இப்டி முன்னாடி குந்துங்க" என்றாள். எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்து உச்சியில் வைத்தாள். விரல்கள் மயிருக்குள் இறங்கித் தோலைத் தொட்டன. அம்புஜத்துக்கு உடம்பே நின்றுபோன மாதிரி இருந்தது. யார் கடைசியாக இங்கே தொட்டது? உத்தமன் நல்ல மனுஷன். ஆனால் தலையைத் தொடுகிறவர் இல்லை. அவர் போன பிறகு, பஸ்ஸில் இடித்தவர்கள், மாத்திரைக்குச் சில்லறை தந்த விரல்கள், ரத்தம் எடுக்க வந்த பெண்ணின் ரப்பர் உறை. நினைத்துப் பார்த்தால் அவ்வளவுதான். அவள் வாழ்நாளெல்லாம் மற்றவர்களைத் தொட்டவள். தொடப்படுவது இப்படி இருக்கும் என்று அந்த நோயாளிகள் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

கண்ணிலிருந்து நீர் வழிந்து மடியில் விழுந்தது.

"சிக்கு வலிக்குதாம்மா? ஸ்வல்ப பொறுங்க, ஆச்சு."

"வலிக்கலம்மா. நீ வாரு."

மூன்றாவதோ நாலாவதோ நாள், பெர்னதெத் சமையலறையில் நிறைந்திருந்த குடங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தண்ணி யாரும்மா மேல தூக்கினு வந்தது?"

"கீழ் வீட்டுப் பையன்."

"கீழ் வீட்ல ஒரு வாரமா பூட்டு தொங்குது."

 பெர்னதெத் திரும்பி வந்து, அம்புஜத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, சீப்பை எடுத்தாள். பாதி தலை வாரி முடித்த பிறகு, "பையன் நல்லா இருக்கட்டும்" என்றாள். அவளுக்கே அடக்க முடியவில்லை. சிரிப்பில் வயிறு குலுங்கி அம்புஜத்தின் முதுகில் இடித்தது. அம்புஜமும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒன்றாகச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சுவர்கூட அதை எதிர்பார்க்கவில்லை போல ஒரு எதிரொலி கேட்டது.

அன்றிலிருந்து பெர்னதெத் படியேறி வரும்போதே குரல் கொடுப்பாள். "இன்னாக்கா, இன்னிக்கு எந்தக் கை வராது?" அம்மா அக்காவாகிவிட்டது.

"வலதுதாண்டி. தெனமும் மாத்துனா மாட்டிக்குவேன்."

"நேத்து எடதுகையால காபி குடிக்காம வலதுகையால குடிச்சீங்க. பாத்துக்குங்க. எங்க அக்கா பையன் கல்ஃபுக்குப் போக எம்மாம் பொய் சொன்னான் தெரியுமா? பொய் சொல்றதுல தப்பில்லக்கா. மறந்துபோறதுலதான் தப்பு."

தாளில் மட்டும் அவள் எதையும் விடாமல் எழுதினாள். குளிப்பாட்டினேன், உடை மாற்றினேன், தலை வாரினேன். அவை உண்மையும்தான். அவள் செய்தவைதான். தேவை இருந்ததா என்று தாள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெர்னதெத் சர்ச்சில் பூசைக்குப் போவாள், வர மாட்டாள். அன்று அம்புஜம் நினைத்தால் தலை வாரிக்கொள்ளலாம். கதவைச் சாத்தினால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வாராமலே இருந்தாள். முடிச்சு விழுந்த தலையோடு இட்லி சாப்பிட்டாள், டிவி பார்த்தாள், படுத்தாள். விசாவுக்காக அப்படி இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. திங்கட்கிழமைக்காக அவள் தலையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் நடந்ததைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மேல் தட்டிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினாள். கை தோள் வரைக்கும் போய் நின்றது. வலி இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை. கை தானாகவே நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல, போ, போ, சும்மா போ என்று மனசுக்குள் சொன்ன பிறகுதான் அது மேலே போயிற்று. டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். நாம் சொன்ன பொய்யை உடம்பு நம்ப ஆரம்பித்தால் அப்புறம் அதனிடம் போய் எப்படி உண்மையைச் சொல்வது?

லீட்ஸில் இந்தக் கைக்கு வேலை இருந்தது. தர்ஷினி போனில் வெகுளியாகச் சொல்லியிருந்தாள்: "அத்தை, நீங்க வந்துட்டா நான் வேலைக்குத் திரும்பிடலாம். இவன் எப்பப் பாத்தாலும் தூக்கி வெச்சுக்கணும். கீழ விட்டா ஒரே அழுகை." தூக்கி வைத்துக்கொள்வதற்கு அம்புஜம் ஏங்கித்தான் கிடந்தாள். தலைகூட வாரிக்கொள்ள முடியாத கையென்று எழுதிக் கொடுத்து, பிள்ளை தூக்கப் போகிறோம். நினைத்தால் சிரிப்பு வரும். அதைச் சொல்லிச் சிரிக்கப் பெர்னதெத் வரும் வரை காத்திருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பாலகுமார் வந்தான். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து ரகுராமையும் வீடியோவில் கூப்பிட்டான்.

"அம்மா, சாப்ட்டியா? பாலகுமார் சொல்றத ஸ்வல்ப கவனமா கேளு."

"பேப்பர்லாம் நல்லா வந்திருக்கு மேடம்" என்றான் பாலகுமார். "ஒரே ப்ராப்ளம், ரொம்ப நல்லா வந்திருக்கு."

"நல்லா வந்தா நல்லதுதானே."

"தெனமும் குளிக்க வெச்சாங்க, தலை வாரினாங்க, சாப்பிட வெச்சாங்க. ஒருநாள்கூட லேட் இல்ல. இதைப் படிக்கிற ஆபீசர் என்ன சொல்வாரு? பையன் ஆள் வெச்சுட்டான், அங்கயே நல்லா பாத்துக்கறாங்க, அம்மா அங்கயே இருக்கட்டும்னு சொல்லிடுவாரு. முடிஞ்சுது."

"அப்ப அவளை எதுக்கு வெச்சீங்க?"

"மொதல்ல உங்களுக்கு ஆள் வேணும்னு காட்டணும். அப்புறம், ஆள் வெச்சும் சரிவரலன்னு காட்டணும். அந்த ரெண்டாவது ஸ்டெப்தான் இப்ப." அவன் தண்ணீர் குடிக்கச் சொம்பைத் தேடி, அதில் ரகுராம் சாய்ந்திருப்பதைப் பார்த்து விட்டுவிட்டான். "வியாழக்கிழமை ரக்ஷிதான்னு ஒரு சோஷியல் வொர்க்கர் வருவாங்க. ரிப்போர்ட் எழுதுவாங்க. அவங்ககிட்ட நீங்க சொல்லணும். இந்த அட்டெண்டர் சரியா பாத்துக்கறதில்ல, பாத்ரூம்ல விழ விட்டுட்டா, கிள்ளறா, அப்படின்னு. நான் ஏஜென்சிக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் ரெடி பண்ணிட்டேன்."

"கிள்ளறாளா?" என்றாள் அம்புஜம்.

"சும்மா ஒரு வார்த்தைதாம்மா" என்றான் ரகுராம். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குழந்தை தூங்க விடுவதில்லை போல. "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. வேற வீட்டுக்கு அனுப்புவாங்க, அவ்ளோதான். நீ அங்க தனியா கெடக்கறத நெனச்சா எனக்கு நைட்டு தூக்கமே வரலம்மா."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திரையின் ஓரத்தில் தர்ஷினி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். "பாட்டி வா சொல்லு, வா சொல்லு."

பாலகுமார் போன பிறகு அம்புஜம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். வேற வீட்டுக்கு அனுப்புவாங்க. ரகுராமுக்கு என்ன தெரியும்? நோயாளியைக் கிள்ளுகிறவள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அந்தப் பெயர் ஏஜென்சிக்கு ஏஜென்சி முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் அம்புஜத்தின் பெயரையும் ஒருமுறை அப்படி எழுதினார்கள். அம்மாவை ஈரத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று ஒரு நோயாளியின் மகன் மேட்ரனிடம் கத்தினான். அம்புஜம் அப்படிப் போகவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளக் கூப்பிட்டதால் பக்கத்து வார்டுக்கு ஓடியிருந்தாள். போகும்போது அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த அம்மாளும் போய்ட்டு வாம்மா என்று சொல்லியிருந்தாள். மேட்ரன் முன்னால் நிற்கும்போது, அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று அம்புஜம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மகன் பக்கத்தில் நின்றான். அந்த வேலை எப்படியோ தப்பியது. ஆனால் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிய தலை, எண்ணெய் வைத்து அம்புஜமே அன்று காலையில் வாரிவிட்ட தலை, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மறக்கவில்லை. அவள் மேல் கோபம் இருந்தது. இன்றைக்குத்தான், அந்த அம்மாளுக்கும் மகன் ஒருத்தன்தானே இருந்திருப்பான் என்று தோன்றியது.

புதன்கிழமை பெர்னதெத் வந்தாள்.

"நாளைக்கு எனக்கு லீவாம். ஏஜென்சில சொல்ட்டாங்க. இன்னாக்கா, ஃப்ளைட்டு ஏறப் போறீங்களா?"

"தெரியலடி."

"போனா எங்களை மறந்துராதீங்க. அங்க குளுருக்கு நல்ல ஸ்வெட்டர் கெடைக்குமாமே. ஒண்ணு அனுப்பி வுடுங்க. என் சைஸுக்கு அங்கதான் கெடைக்கும், இங்க கமர்ஷியல் ஸ்ட்ரீட் பூரா சுத்திட்டேன்."

அம்புஜம் சிரிக்க முயன்றாள். பின்னால் சீப்பு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம். நாளைக்கு உன்னைப் பற்றி இப்படிச் சொல்லச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் பாரம் இறங்கும். பெர்னதெத்தே, சொல்லுங்கக்கா பரவால்ல என்றுகூடச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள்தான். அதனாலேயே சொல்லக் கூடாது. அவளிடமே அனுமதி வாங்கிக்கொண்டு அவளைக் கிள்ளுகிறவள் ஆக்க முடியாது.

"இன்னாக்கா பேச்சையே காணோம்?"

"எதுவும் இல்ல. இன்னும் கொஞ்சம் வாரி விடேன்."

"வாரியாச்சுக்கா. பின்னியும் ஆச்சு."

"அவுத்துட்டு மறுபடி வாரு."

பெர்னதெத் ஏன் என்று கேட்கவில்லை. பின்னலை அவிழ்த்தாள்.

வியாழக்கிழமை, பாலகுமார் சொன்னபடி, அம்புஜம் தலை வாராமல் நேற்றைய பின்னலைக் கலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ரக்ஷிதா சின்னப் பெண். பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நானு கன்னடா மிக்ஸ் பண்ணித்தான் பேசுவேன்ம்மா, அட்ஜஸ்ட் மாடி, பண்ணிக்கோங்க" என்று சிரித்தாள். பாலகுமார் ஓரத்தில் நாற்காலியில். ரகுராம் போனுக்குள், மறுபடியும் சொம்பில் சாய்ந்தபடி.

கையைத் தூக்கச் சொன்னாள். அம்புஜம் தூக்கினாள். முதலில் மூச்சு நின்றது, பிறகு முகம் சுளித்தது. தோளோடு கை நின்றது. அவ்வளவு சரியாக வந்ததைப் பார்த்து அவளுக்கே உள்ளுக்குள் ஏதோ கூசியது. ரக்ஷிதா அவசரமாக, "சாக்கும்மா, போதும், கீழ வைங்க" என்று எழுந்து வந்து அந்தக் கையைத் தன் கையால் தாங்கி மடியில் வைத்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியையும் ஒதுக்கிவிட்டாள். இளம் விரல், சில்லென்று இருந்தது.

குளிப்பது, உடுத்துவது, சமைப்பது எல்லாம் கேட்டாள். அம்புஜம் முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முடியாதுக்கும் பாலகுமாரின் தோள் நிம்மதியில் கொஞ்சம் தளர்ந்து இறங்கியது.

"அட்டெண்டர் எப்படி பாத்துக்கறாங்கம்மா? ஏதாவது தொந்தரவு?"

சந்துக்கு அப்பால் ரயில் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. எதிரே சுவர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டாம். மீதியைப் பாலகுமார் சொல்லிவிடுவான். எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிந்தது.

அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி ரக்ஷிதாவைப் பார்த்தாள்.

"தொந்தரவு ஒண்ணும் இல்லம்மா. நல்லா பாத்துக்கறா."

"அம்மா" என்றது போன். "அன்னிக்கு பாத்ரூம்ல என்ன ஆச்சுன்னு சொன்னியே. அதைச் சொல்லு."

"பாத்ரூம்ல ஒண்ணும் ஆகலப்பா."

பாலகுமார் முன்னால் சாய்ந்தான். "மேடம் பயப்படறாங்க. அந்த அட்டெண்டரைப் பத்திப் பேசவே பயம்."

ரக்ஷிதாவின் பேனா நின்றது. "பயப்படாதீங்கம்மா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அவங்க பேரு என்ன?"

"பெர்னதெத்." அம்புஜம் அந்தப் பெயர் எழுதி முடியும் வரை காத்திருந்தாள். "பயம் எல்லாம் இல்ல. தலை நல்லா வாருவா. அதையும் எழுதிக்கம்மா."

"அம்மா, ப்ளீஸ். ஒரு வார்த்தை." குரல் உடைந்திருந்தது. அதற்குப் பின்னால் குழந்தை சிணுங்கத் தொடங்கியது. யாரோ தூக்கினார்கள், நிற்கவில்லை.

அந்தச் சத்தம் அவளுடைய இரண்டு கைக்குள்ளும் ஓடியது. வலது கை மடியில், ரக்ஷிதா வைத்த இடத்திலேயே கிடந்தது.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றாள் ரக்ஷிதா.

அம்புஜம் போனை ஒருமுறை பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.